தவறணை மூடிய பின் வந்த இரவு: புத்தளக் கரையோரத்தில் மது, உழைப்பு, துயில் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

ஒரு சமூகத்தின் வரலாறு பெரும்பாலும் அதன் பகற்பொழுதின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. வயலிலும் கடலிலும் தொழிற்சாலையிலும் மனிதர் செய்த உழைப்பு, அவ்வுழைப்பின் பயனை அபகரித்தோர், அதற்கெதிராக எழுந்த இயக்கங்கள் ஆகியன ஆராய்ச்சிக்குரிய பொருள்களாகக் கொள்ளப்படுகின்றன. உழைத்த உடல் இரவில் எவ்வாறு ஓய்ந்தது என்னும் வினாவோ தனிமனிதரின் உடல்நலம் பற்றியதெனக் கருதப்பட்டு மருத்துவரிடம் விடப்படுகின்றது.

மதுவிலக்கு இயக்கங்களின் வரலாற்றை நோக்குமிடத்து இக்குறைபாடு தெளிவாகப் புலப்படும். எத்தனை கூட்டங்கள் நடைபெற்றன, எத்தனை பேர் குடிப்பதில்லை எனச் சத்தியம் செய்தனர், எத்தனை தவறணைகள் மூடப்பட்டன என்பன அவ்வரலாறுகளின் பேசுபொருளாகின்றன. சத்தியம் செய்தவன் அன்றிரவு உறங்கினானா? உறங்கவில்லையெனின் மறுநாள் எவ்வாறு தொழிலுக்குச் சென்றான்? எத்தனை இரவுகளின் பின்னர் அவன் மீண்டும் தவறணையை நாடினான்? இவ்வினாக்கள் அங்கு எழுப்பப்படுவது அரிது. ஆயினும் ஒருவன் குடியைக் கைவிடுவதும் கைவிடாததும் பல வேளைகளில் இவ்விரவுகளிலேயே தீர்மானிக்கப்படுகின்றன.

இக்கட்டுரையில் நாம் வடக்கே மோதரகம் ஆற்றிலிருந்து தெற்கே மகா ஓயா வரை நீளும் புத்தளம் மாவட்டக் கரையோரத்தை எடுத்துக்கொண்டு இவ்வினாவை ஆராய முற்படுகின்றோம். இத்தெரிவுக்குக் காரணங்கள் உள. தெங்கும் கடலும் உப்பும் ஒருங்கே அமைந்த பிரதேசம் இது. தமிழும் சிங்களமும் பேசும் கத்தோலிக்க மீனவர், உடப்பு முதலிய ஊர்களின் தமிழ் இந்துக்கள், புத்தளம், கற்பிட்டி ஆகிய இடங்களின் முஸ்லிம்கள் எனப் பல சமூகத்தவர் இங்கு அருகருகே வாழ்கின்றனர். தமிழ்ப் புலவர் வரலாற்றை 1859 இல் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட சைமன் காசிச்செட்டி பிறந்தது இக்கரையிலுள்ள கற்பிட்டியிலேயே. புலவர்களின் வாழ்வைத் தொகுத்துத் தந்த மண்ணில் உழைப்பாளரின் இரவு மட்டும் எழுதப்படாதிருப்பது நமது கவனத்திற்குரியது.

2

வரலாற்றுக்குட் புகுமுன் உடலியல் உண்மைகள் சிலவற்றைச் சுருக்கமாகக் குறிப்பிடுதல் அவசியமாகும். மது துயிலைத் தருவதாகப் பரவலாக நம்பப்படுகின்றது. இந்நம்பிக்கை முற்றிலும் பொய்யன்று. மூளையின் கிளர்ச்சியை அடக்கும் இயல்பு மதுவுக்கு உண்டு. ஆதலால் குடித்தவன் விரைவில் கண்ணயர்கின்றான். எனினும் இரவின் பிற்பாதியில், உடல் மதுவைச் சிதைத்து வெளியேற்றும்போது, துயில் குலைகின்றது. கனவு நிகழும் துயிற்பகுதி சுருங்குகின்றது. விடியுமுன் விழிப்பு, வியர்வை, நாவறட்சி, படபடப்பு ஆகியன தோன்றுகின்றன. குடித்து உறங்கியவன் நேரக்கணக்கில் உறங்கியிருப்பினும் ஓய்ந்தவனாக எழுவதில்லை.

பல்லாண்டுகள் நாள்தோறும் குடித்தவனின் மூளை இந்த அடக்குமுறைக்கு ஈடுகொடுக்கும் பொருட்டுத் தன் கிளர்ச்சியை உயர்த்திக் கொள்கின்றது. மது திடீரென நிறுத்தப்படும்போது அடக்கும் சக்தி மறைகின்றது. உயர்ந்த கிளர்ச்சி மட்டும் எஞ்சுகின்றது. கைநடுக்கம், வியர்வை, பதற்றம், துயிலின்மை என்பன சில மணி நேரத்திலேயே தொடங்குகின்றன. கடுமையாகக் குடித்து வந்த சிலருக்கு முதலிரு நாள்களில் வலிப்பு ஏற்படலாம். இரண்டாம் மூன்றாம் நாள்களில் இல்லாத உருவங்களைக் காணும் நடுக்கச் சன்னி தோன்றலாம். 1813 இல் ஆங்கில மருத்துவரான தோமஸ் சட்டன் தனி நோயாகப் பெயரிட்டு விவரித்த இச்சன்னி, உரிய சிகிச்சையின்றேல் உயிரைப் பறிக்கக்கூடியது. ஆகவே, நாள்தோறும் பெருமளவு குடித்துவந்த ஒருவர் மருத்துவ மேற்பார்வையின்றித் திடீரென நிறுத்துவது வீரமன்று, ஆபத்து.

நமது ஆய்வுக்கு மேலும் முக்கியமானது இதற்குப் பின்வரும் கட்டமாகும். நடுக்கம் ஒரு வாரத்தில் அடங்கிவிடுகின்றது. துயிலின்மை அவ்வாறு அடங்குவதில்லை. பல வாரங்களும் மாதங்களும், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் அது நீடிக்கின்றது. அடக்கப்பட்டிருந்த கனவுகள் பெருக்கெடுத்துக் கொடுங்கனவுகளாக வருகின்றன. இக்காலத்தில் துயிலின்மையால் வருந்துவோரே மீண்டும் குடிக்குத் திரும்பும் வாய்ப்பு மிகுதி என்பதை மருத்துவ ஆய்வுகள் எடுத்துக்காட்டியுள்ளன. குடியை விட்டவனுக்கு ஊரார் ஒரு வாரம் துணைநிற்கின்றனர். அவனது உடலோ பல மாதத் துணையை வேண்டி நிற்கின்றது. இந்த இடைவெளியிலேயே நாம் ஆராயும் வரலாற்றுப் பிரச்சினை அமைந்துள்ளது.

3

மதுவும் துயிலும் எக்காலத்திலும் இவ்வாறே பிணைந்திருந்தனவா? பண்டைத் தமிழிலக்கியம் இதற்கொரு விடையைத் தருகின்றது. நெய்தல் நிலத்துப் பரதவர் கள்ளுண்டதைச் சங்க நூல்கள் மறைப்பதில்லை. பட்டினப்பாலையில் வரும் பரதவர் முழுமதி நாளில் கடலுக்குச் செல்லாது ஓய்ந்திருந்து, சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டு, உண்டும் குடித்தும் விளையாடியும் பொழுதைக் கழிக்கின்றனர். இக்காட்சியை இலக்கிய நயத்துக்காக மட்டும் படிப்போர் அதனுள் அடங்கிய பொருளாதார உண்மையைத் தவறவிடுவர். முழுமதி நாள் மீன்பிடிக்குச் சாதகமற்ற நாள்; ஆகவே அது ஓய்வு நாள். கள் அந்த ஓய்வின் துணைப்பொருளாக, கூட்டு வழிபாட்டின் ஓர் அங்கமாக அங்கு இடம்பெறுகின்றது. ஓய்வு முதலில் வருகின்றது. கள் அதன்பின் வருகின்றது.

நெய்தல் திணையின் உரிப்பொருளான இரங்கலிலும் துயிலின்மை உண்டு. கடலோசை ஓயாத இரவில் ஊர் உறங்கத் தலைவி மட்டும் விழித்திருக்கும் காட்சி அத்திணையில் மீண்டும் மீண்டும் வருவது. அத்துயிலின்மைக்குப் பிரிவு காரணமாகின்றது. உழைத்த பரதவன் உறக்கம் வராது தவித்தான் என்பது அங்கு பாடுபொருளாவதில்லை. திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரமோ உறங்குவோரை இறந்தோருக்கும் கள்ளுண்போரை நஞ்சுண்போருக்கும் இணையாக வைக்கின்றது. குடியின் மயக்கத்தை உறக்கத்தின் அருகே நிறுத்திப் பார்த்த அறநோக்கு இது. ஆயினும் அங்கும் குடிப்பவன் அறத்திலிருந்து வழுவியவனாகவே காணப்படுகின்றான். அவன் எத்தகைய உழைப்பின் பின் குடித்தான் என்னும் வினா அந்நூலின் எல்லைக்கு அப்பாற்பட்டது. பின்வந்த மதுவிலக்குப் பிரசாரம் இவ்வறநோக்கையே தன் அடிப்படையாகக் கொண்டது என்பதை இங்கு மனங்கொள்ளல் வேண்டும்.

4

ஓய்வின் துணைப்பொருளாக இருந்த கள், ஓய்வுக்குப் பதிலான சாராயமாக மாறிய நிகழ்ச்சி குடியேற்ற ஆட்சியின் பொருளாதாரத்தோடு இணைந்தது. ஒல்லாந்தர் காலத்திலேயே மதுவின் மீதான வரி குத்தகைக்கு விடப்பட்டது. பிரித்தானியர் அதனை மேலும் விரிவுபடுத்தினர். ஒரு பகுதியில் சாராயத்தைச் சில்லறையாக விற்கும் உரிமை ஏலத்தில் விடப்பட்டது. மிகக் கூடிய தொகை கேட்டவர் அவ்வுரிமையைப் பெற்றார். அவரிடமிருந்து உபகுத்தகையாளர் தத்தம் பங்கைப் பெற்றனர். 'தவறணை' என்னும் ஐரோப்பியச் சொல் இலங்கைத் தமிழின் அன்றாடச் சொல்லாக நிலைத்தமை இவ்வமைப்பின் பரப்பைக் காட்டும்.

இவ்வேல முறையின் உள்ளியக்கம் கவனித்தற்குரியது. குத்தகையாளர் அரசுக்குச் செலுத்த வேண்டிய தொகை முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டது. அத்தொகைக்கு மேல் விற்கும் ஒவ்வொரு போத்தலும் அவரது இலாபம். விற்பனை குறைந்தால் நட்டமும் அவரதே. எனவே குடிப்பவரின் தொகையையும் குடியின் அளவையும் பெருக்குவது அவருக்குத் தவிர்க்கமுடியாத தேவையாயிற்று. கூலி கைக்கு வரும் இடத்தின் அருகே தவறணை அமைவதும், பணமில்லாதவனுக்குக் கடன் கொடுப்பதும் இத்தேவையின் விளைவுகளே. குமாரி ஜயவர்த்தன காட்டியுள்ளவாறு, பத்தொன்பதாம் நூற்றாண்டு இலங்கையின் சுதேச முதலாளி வர்க்கத்தின் மூலதனத் திரட்சியில் சாராயக் குத்தகைக்குத் தலையாய இடமுண்டு. அவ்வாறு திரண்ட செல்வத்தின் ஒரு பகுதி தோட்டங்களாகவும் மாளிகைகளாகவும் மாறியது. அதன் மறுபக்கமாக எஞ்சியது, மதுவின்றி உறங்கமுடியாத உடல்கள்.

புத்தளக் கரையில் இந்நிலைமைக்குச் சிறப்பான சூழல் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிலாபத்தை அண்டிய பகுதிகளில் தெங்குச் செய்கை பெருகியது. குருநாகலையும் உள்ளடக்கிய தெங்கு முக்கோணத்தின் ஒரு முனையாக இக்கரை அமைந்தது. மாரவில, வென்னப்புவ முதலிய ஊர்களின் தென்னந்தோப்புகளில் சீவல் தொழில் வேரூன்றியது. புத்தளம் களப்பை அண்டிய உப்பளங்களின் உப்பும் அரசின் ஏகபோக உரிமையாயிற்று. மனிதவுடலுக்கு இன்றியமையாத உப்பும், அவ்வுடலின் களைப்பை மறைக்கும் சாராயமும் ஒரே கரையில் அரச வருவாயின் ஊற்றுகளாயின.

இது இலங்கைக்கு மட்டும் உரியதன்று. 1845 இல் இங்கிலாந்துத் தொழிலாளரின் நிலைமையை ஆராய்ந்த ஏங்கெல்ஸ், களைத்து வீடு திரும்புவோனுக்கு வேறு ஆறுதல் இல்லாத நிலையில் குடி ஓர் ஒழுக்கக் குறைபாடாக அன்றிச் சமூக நிலைமையின் விளைவாகவே தோன்றுகின்றதெனக் காட்டினார். 1876 இல் எழுதிய மற்றொரு கட்டுரையில், பிரஷ்ய நிலக்கிழாரின் பொருள்வளம் உருளைக்கிழங்குச் சாராயத்தின் மீது கட்டப்பட்டதை அம்பலப்படுத்தினார். வேலைநாள் பற்றிய தமது அத்தியாயத்தில், மூலதனம் தொழிலாளியின் துயில் நேரத்தையும் தன் உடைமையாக்க முனைவதை மார்க்ஸ் விரிவாக ஆராய்ந்தார். இவற்றை ஒருங்கு நோக்கும்போது நமது கரையோரத்தின் நிலைமை தெளிவாகின்றது. துயில் என்பது உழைப்புச் சக்தியின் மீளுற்பத்தி. அம்மீளுற்பத்திக்குரிய நேரமும் வசதியும் மறுக்கப்பட்ட இடத்தில், அதன் போலியாக மது விற்கப்பட்டது.

5

இக்கரையின் தொழில்களுள் பல இயல்பாகவே துயிலோடு முரண்படுவன. சீவல் தொழிலாளி விடிகாலையிலும் மாலையிலும் மரமேற வேண்டியவன். மரத்துக்கு மரம் கட்டிய கயிற்றில் நடந்து பாளை சீவும் அவனுக்கு ஒரு நாளின் தவறலும் கள்ளின் இழப்பாகும். கரைவலைத் தொழிலில் வலையும் வள்ளமும் சம்மாட்டியுடையவை. இழுப்பவர் பங்குக்கு உழைப்பவர். மீன் வந்த நேரமே வேலை நேரம். பாடு இல்லாத நாளில் பங்கும் இல்லை. முற்பணம் பெற்றவன் சம்மாட்டியை விட்டு விலகுதல் எளிதன்று.

1950களின் பிற்பகுதியிலிருந்து எந்திரப் படகுகளும், வெளியிணைப்பு இயந்திரங்களும், நைலோன் வலைகளும் இக்கடலுக்கு வந்தன. உற்பத்தி பெருகியது என்பதில் ஐயமில்லை. ஆனால் இம்மாற்றம் உழைப்பின் நேரத்தையும் மாற்றியது. மாலையில் புறப்பட்டு, இருளில் வலைவிரித்துக் காத்திருந்து, விடியலில் கரைசேரும் இராத்தொழில் மேலும் பெருகியது. எரிபொருளுக்கும் இயந்திரத்துக்கும் பட்ட கடன், ஓர் இரவையும் வீணாக்க முடியாத நிர்ப்பந்தத்தை உண்டாக்கியது. கரைசேர்ந்தவன் மீனை விற்று, வலையைச் சீர்செய்து, வெயில் ஏறிய பின்னர் கூரைச் சூட்டில் உறங்க முயல்கின்றான். பிள்ளைகளின் ஆரவாரமும் வீதியின் இரைச்சலும் சூழ்ந்த அவ்வேளையில் உடல் தானாக உறங்குவதில்லை. 'உடம்பு அலுப்புக்கு' என்று சொல்லி அவன் அருந்தும் சாராயம், பகலை இரவாக்கும் கருவியாகின்றது. 1980களில் சிலாபம், புத்தளம் களப்புகளை அண்டிப் பெருகிய இறால் பண்ணைகள் இராக்காவல் என்னும் இன்னொரு விழிப்புத் தொழிலை இதனோடு சேர்த்தன. 1990களில் வெண்புள்ளி நோய் அப்பண்ணைகளைத் தாக்கியபோது, விழித்திருந்தோரின் கூலியும் உறுதியற்றதாயிற்று.

பருவக்காற்று இதற்கு இன்னொரு பரிமாணத்தைத் தருகின்றது. மே முதல் செப்ரெம்பர் வரையான தென்மேல் பருவத்தில் இக்கரையில் கடல் கொந்தளிக்கின்றது; தொழில் குன்றுகின்றது. அக்காலத்தில் உழைப்பின் களைப்பு இல்லை. கடனின் கவலை உண்டு. துயில் இப்போது வேறொரு காரணத்தால் கெடுகின்றது. பட்டினப்பாலைப் பரதவனுக்குக் கடலுக்குச் செல்லாத நாள் விழாவாக இருந்தது. கடன்பட்ட மீனவனுக்கு அதே நாள் துயிலற்ற நாளாகின்றது. சாராயத்துக்குப் பணமில்லாதவனுக்குக் கசிப்பு இருக்கின்றது. 'கசிதல்' என்னும் தமிழ் வினையை நினைவூட்டும் இச்சொல்லைச் சிங்களம் பேசுவோரும் அவ்வாறே வழங்குகின்றனர். மொழியால் பிரிக்கப்பட்ட இரு தொழிலாளர் ஒரே நஞ்சை ஒரே பெயரால் அறிந்துள்ளனர்.

இத்தகைய ஒருவன் குடியை விடும்போது நேர்வது யாது? மதுவை அகற்றிய இடத்தில் இயல்பான துயில் வந்து அமர்வதற்கு அவனது வாழ்க்கையில் இடமே ஒதுக்கப்படவில்லை. உடலின் பின்விளைவான துயிலின்மையும் தொழிலின் விளைவான துயிலின்மையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கின்றன.

6

இதுவரை நோக்கியவற்றின் பின்னணியில் மதுவிலக்கு இயக்கத்தை மதிப்பிடுதல் வேண்டும். இலங்கையில் 1904 இல் கிளர்ந்த மதுவிலக்கு இயக்கம் 1912 இல் மீண்டும் பேரெழுச்சி கண்டது. அவ்வாண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் பழைய குத்தகை முறையைச் சீர்திருத்தி, கள்ளுத் தவறணைகளைச் சாராயத் தவறணைகளினின்றும் வேறுபடுத்தியது. புதிய கள்ளுத் தவறணைகள் பெருந்தொகையில் திறக்கப்படவிருந்தமை நாடெங்கும் எதிர்ப்பைத் தோற்றுவித்தது. அந்நியராட்சி தன் கருவூலத்துக்காக மக்களைக் குடிக்கச் செய்கின்றது என்னும் உணர்வு அரசியல் விழிப்பின் முதற்படியாயிற்று. 1915 கலவரத்தின்போது மதுவிலக்குத் தலைவர் பலர் சிறையிலிடப்பட்டமை, ஆட்சியாளர் அவ்வியக்கத்தைக் கண்டு அஞ்சியதைக் காட்டும். இவ்வியக்கத்தின் ஏகாதிபத்திய எதிர்ப்பு உள்ளடக்கத்தை நாம் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை.

ஆயினும் அதன் வர்க்க எல்லைகளும் வெளிப்படையானவை. சாராயக் குத்தகையாலும் காரீயச் சுரங்கத்தாலும் உயர்ந்த வர்க்கத்தின் அடுத்த தலைமுறையினர் மதுவிலக்கு மேடையில் தலைமை தாங்கினர். குடி பண்பாட்டுச் சீரழிவாகவும் அந்நியர் கொணர்ந்த தீமையாகவும் சித்திரிக்கப்பட்டது. வேலை நேரம், கூலி, கடன், குடியிருப்பு ஆகியன அம்மேடையில் இரண்டாமிடத்தையும் பெறவில்லை. தொழிலாளியிடம் வேண்டப்பட்டது சத்தியம் ஒன்றே.

1927 நவம்பரில் இலங்கை வந்த காந்தி, கொறயா குடும்பத்தினரின் அழைப்பை ஏற்றுச் சிலாபத்துக்கும் வருகை தந்தார். அப்பயணத்தில் அவர் கதரையும் தீண்டாமை ஒழிப்பையும் வலியுறுத்தியவாறே மதுவிலக்கையும் வலியுறுத்தினார். அவரது நேர்மை ஐயத்துக்கு அப்பாற்பட்டது. குடியால் பெண்களும் குழந்தைகளும் படும் துன்பத்தைப் பொதுவெளியிற் பேசவைத்த பெருமையும் அவருக்குண்டு. எனினும் காந்திய மதுவிலக்கு குடியைத் தன்னடக்கத்தின் பிரச்சினையாகவே கண்டது. இந்நோக்கில், சத்தியம் செய்து பின் மீறியவன் உறுதியற்றவன், நம்பத்தகாதவன். அவன் மூன்று வாரங்கள் உறங்காதிருந்தான் என்பது கணக்கிலெடுக்கப்படாத உண்மை. தோற்றவனுக்கு அவமானமும், அவமானத்துக்கு மருந்தாக மீண்டும் மதுவும் என ஒரு சுழல் இவ்வாறு உருவாகின்றது.

சுதந்திரத்தின் பின்னரும் அரசின் நிலை அடிப்படையில் மாறவில்லை. 1974 இல் வடிசாலைத் தொழில் அரசக் கூட்டுத்தாபனமாக்கப்பட்டது. 1992 இல் அது தனியார் மயமாகியது. உடைமை வடிவம் மாறியபோதும் மதுவரி அரச வருவாயின் தூண்களில் ஒன்றாகத் தொடர்ந்தது. ஒரு கையால் வரிபெற்று மறுகையால் குடியைக் கண்டிக்கும் முரண்பாடு குடியேற்ற அரசு விட்டுச்சென்ற முதுசொமாகும்.

7

அதிகாரபூர்வ மதுவிலக்கு இயக்கத்துக்கு வெளியே, மக்களிடையே நிலவும் மற்றொரு மரபையும் நாம் நோக்குதல் வேண்டும். அது விரத மரபு. உடப்புத் திரௌபதை அம்மன் கோயிலின் ஆடிமாத விழா பாரதக் கதையோடு பிணைந்து தீமிதிப்பில் நிறைவுறுவது. தீமிதிப்போர் விரதம் பூண்டு ஊனையும் மதுவையும் விலக்குகின்றனர். கத்தோலிக்கக் கிராமங்களில் தவக்காலத்தில் குடியை நிறுத்துதல் வழக்கம். கற்பிட்டிக் குடாநாட்டிலுள்ள தலவில புனித அன்னம்மாள் ஆலயத்துக்கு நேர்த்தி வைத்துக் குடியை விடுவோரும் உளர். முஸ்லிம் மக்களிடையே மது மார்க்கத்தால் விலக்கப்பட்டது. நோன்பு மாதத்தின் இரவுகள் தொழுகையாலும் கூட்டுணவாலும் நிறைகின்றன.

பொருள்முதல்வாத நோக்குடையோர் இவற்றை வெறும் மூடநம்பிக்கை என ஒதுக்கிவிடுதல் தவறாகும். விரதகாலத்தில் குடியை விடுவோன் தனியே விடுவதில்லை. அவனைச் சூழ்ந்த பலரும் விலக்குகின்றனர். அக்காலத்தின் இரவுகளும் தனிமையில் கழிவதில்லை. கதை கேட்டலும், தவக்காலத்துப் பசான் பாடலும், வியாகுலப் பிரசங்கமும், ஆலய முன்றலில் கூடியிருத்தலும் விழிப்பைக் கூட்டு அனுபவமாக மாற்றுகின்றன. துயில் வராதவன் அங்கு நோயாளியாகவோ கோழையாகவோ தோன்றுவதில்லை. அவன் விழித்திருப்போருள் ஒருவன். துயிலின்மைக்குப் பொருளும் துணையும் கிடைக்கின்றன. குறிப்பிட்ட காலம் குடியை நிறுத்துவதில் இம்மரபு காணும் வெற்றிக்குரிய சமூக அடிப்படை இதுவேயாகும்.

இம்மரபின் எல்லையும் இதிலேயே உள்ளது. விழா முடிகின்றது, உயிர்த்த ஞாயிறு வருகின்றது, கூட்டம் கலைகின்றது. உடலின் துயில் இன்னும் சீர்பெறாத நிலையில் அவன் மீண்டும் தனி இரவுக்கும், கடனுக்கும், இராத்தொழிலுக்கும் திரும்புகின்றான். விரதமுடிவைக் குடியால் கொண்டாடும் வழக்கம், பல வாரங்களின் முயற்சியை ஒரே நாளில் அழித்துவிடுகின்றது. அன்றியும், கடுமையாகக் குடிப்பவன் விரதத்தின் பேரில் ஒரே நாளில் நிறுத்தும்போது தோன்றும் சன்னி, தெய்வக் குற்றமாகவோ பேய்க்கோளாறாகவோ கொள்ளப்பட்டால் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங் காலம் தவறிவிடும். கூட்டுத் துணையைப் போற்றும் நாம் இவ்வாபத்தை மறைத்தலாகாது.

8

இங்கு பெண்களின் நிலையையும் குறிப்பிடாது விடுதல் வரலாற்றைப் பாதியாக்குவதாகும். குடிப்பவன் மயங்கிக் கிடக்கும் இரவில் விழித்திருந்தவள் அவனது மனைவி. குடியை விட்டபின் அவன் வியர்த்து நடுங்கி எழும் இரவிலும் விழித்திருப்பவள் அவளே. விடியலில் மீன் தெரிவதும், கருவாடு காயவைப்பதும், தும்படிப்பதும், சமைப்பதும் அவளது வேலைகள். அவளது துயிலின்மைக்குத் தவறணைக் கணக்கிலும் இடமில்லை, மதுவிலக்குக் கணக்கிலும் இடமில்லை. நெய்தல் தலைவியின் விழிப்பைப் பாடிய இலக்கிய மரபின் வாரிசுகளாகிய நாம், உழைக்கும் பெண்ணின் இவ்விழிப்பை இலக்கியப் பொருளாகக் கொள்ளத் தயங்குவது நமது திறனாய்வின் குறைபாடேயாகும்.

அண்மைக்கால முயற்சிகள் சில நம்பிக்கை தருவன. 1935 இல் அமெரிக்காவில் தோன்றிய பெயர் கூறாக் குடிநோயாளர் சங்கம், குடியை விட்டவனுக்கு விட்டவனே துணை என்னும் கொள்கையை உலகெங்கும் பரப்பியது. இலங்கையில் 1984 இல் தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையும், 1987 இல் மதுசாரம் மற்றும் போதைப்பொருள் தகவல் நிலையமும் தோன்றின. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் புகையிலை, மதுசாரம் ஆகியவற்றுக்கான தேசிய அதிகாரசபையை நிறுவி விளம்பரத்தைக் கட்டுப்படுத்தியது. மருத்துவத் துறையிலும் குடிநிறுத்தத்தின் முதல் நாள்களை ஆபத்தின்றிக் கடக்க உதவும் சிகிச்சை உண்டு. உயிர்ச்சத்து பி1 கொடுத்தல் அதன் இன்றியமையாத பகுதி. நீடிக்கும் துயிலின்மைக்குத் தூக்க மாத்திரையைத் தாமாக வாங்கி விழுங்குதல் ஓர் அடிமைத்தனத்தை விட்டு மற்றொன்றைப் பற்றுவதாக முடியலாம். துயில் பழக்கங்களைப் படிப்படியாகத் திருத்தும் நடத்தைச் சிகிச்சையே பயன்மிக்கதெனக் கருதப்படுகின்றது.

ஆனால் அச்சிகிச்சை கூறும் முதல் விதி, ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் துயிலெழுதல் என்பதாகும். மீன் வரும் நேரமும் கடன்காரன் வரும் நேரமும் தீர்மானிக்கும் வாழ்க்கையில் இவ்விதியைக் கைக்கொள்வது எவ்வாறு? மருத்துவ அறிவு இவ்விடத்தில் உற்பத்தி உறவுகளோடு மோதுகின்றது. குடியை விட்டவனுக்குச் சில மாதங்களேனும் இராத்தொழிலிலிருந்து விலக்களித்துப் பகல்வேலை கொடுக்கும் மீனவர் கூட்டுறவுச் சங்கம், முற்பணக் கடனின் பிடியைத் தளர்த்தும் சேமிப்பு முறை, தென்மேல் பருவத்தில் மாற்று வருவாய், விழா முடிந்த பின்னரும் இரவிற் கூடியிருக்கும் ஒரு வாசிகசாலை அல்லது சனசமூக நிலையம் ஆகியன மருந்துக்கு நிகரான மருந்துகள். இவை பெரும் புரட்சியின் பின்னரே சாத்தியமாவன அல்ல. ஓர் ஊரின் சங்கம் இன்றே தொடங்கக்கூடியன. அதேவேளை, இராவுழைப்பை வரையறுப்பதும் உழைப்பாளரின் ஓய்வை உரிமையாக்குவதும் தொழிற்சங்க இயக்கத்தின் கோரிக்கைகளாக இருக்க வேண்டியன. மதுவிலக்கையும் வேலைநேரப் போராட்டத்தையும் இரு வேறு இயக்கங்களாக நடத்திய தவறு மீண்டும் நிகழலாகாது.

தொகுத்து நோக்குமிடத்து ஒன்று தெளிவாகின்றது. பண்டைப் பரதவனின் கள் ஓய்வு நாளின் பகுதியாக இருந்தது. குத்தகை முறையும் கடன்பட்ட இராவுழைப்பும் அவ்வோய்வைப் பறித்து, அதன் இடத்தில் மதுவை விற்றன. மதுவிலக்கு இயக்கம் மதுவைப் பறிக்க முயன்றது. பறிக்கப்பட்ட ஓய்வைத் திருப்பிக் கொடுக்கும்படி கோரவில்லை. ஆகவே குடியை விட்டவன் பாயில் விழித்துக் கிடக்கும் இரவை அவனது மனவுறுதிக்கான பரீட்சையாக மட்டும் காண்பது வரலாற்றுக்கு முரணானது. அவ்விரவில் அவன் தவறினால் அவனை ஏசுமுன், அவனுக்குரிய ஓய்வை எடுத்துக்கொண்டோர் யாவர், அதனை அவனுக்கு மீட்டுக் கொடுக்கும் பொறுப்பு யாருடையது என்னும் வினாக்களை நாம் எழுப்புதல் வேண்டும்.